சாமுவேல் ஜான்சன்: வறுமையும் மானமும்

ஆங்கில இலக்கிய வரலாற்றில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஜான்சன் காலம் என்றே வழங்குவர். ஒரு மொழிக்குப் பேரகராதி படைத்தவர்; சேக்சுபியரின் நாடகங்களைப் பதிப்பித்தவர்; 52 கவிஞர்களின் வரலாறுகளை எழுதித் திறனாய்வுக்கு நெறி வகுத்தவர்; உரையாடலையே ஒரு கலையாக வளர்த்தவர். ஜேம்ஸ் பாஸ்வெல் எழுதிய வரலாற்றால் அவருடைய நடையும் உடையும் உணவும் சினமும் உலகம் அறிந்தவையாயின. ஆயினும் டாக்டர் ஜான்சன் என்று இன்றளவும் அழைக்கப்படும் அவர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆக்ஸ்போர்டில் அவர் மாணவராக வாழ்ந்தது 13 மாதங்களே. வறுமை அவரை அங்கிருந்து வெளியேற்றியது. அதனினும் முன்பாக, வறுமை பற்றிய நாணம் அவரை வகுப்பறை வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பியிருந்தது. அந்த 13 மாதங்களின் வடு 75 ஆண்டுக்கால வாழ்வில் முற்றிலும் ஆறவில்லை. பிறருக்கு எவ்வாறு உதவ வேண்டும் என்ற நுட்பமான அறிவையும் அந்த வடுவே அவருக்குத் தந்தது.

புத்தகக் கடையில் ஒரு பிள்ளை

ஸ்டாஃபோர்டுசயரில் உள்ள லிச்பீல்டு என்னும் சிறு நகரில் 1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஜான்சன் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்சன் புத்தக வணிகர். நகரத்தில் மதிப்புப் பெற்றவர். உயரிய நகரப் பதவிகளையும் வகித்தவர். நூல்களின் அருமை அறிந்த அளவுக்கு அவற்றை விற்றுப் பொருளீட்டும் திறன் அவருக்கு வாய்க்கவில்லை. தோலைப் பதப்படுத்தி எழுதுதாள் செய்யும் தொழிலொன்றில் முதலிட்டு அதிலும் நட்டப்பட்டார். வெளியே மதிப்பு, உள்ளே கடன் என்னும் நிலையில் அக்குடும்பம் வாழ்ந்தது. வறுமையை மறைத்து வாழும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு நாணம் இளமையிலேயே பழகிவிடுகிறது.

குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் அவரைப் பற்றியது. மன்னர் கைபட்டால் அந்நோய் தீரும் என்பது அக்கால நம்பிக்கை. 1712ஆம் ஆண்டில் தாய் அவரை இலண்டனுக்கு எடுத்துச் சென்று ஆன் அரசியாரின் கையால் தொடச் செய்தார். நோய் தீரவில்லை. முகத்திலும் கழுத்திலும் வடுக்கள் நிலைத்தன. ஒரு கண் ஏறத்தாழப் பார்வை இழந்தது. பின்னாளில் உடலும் கைகளும் தாமாகவே அசையும் குறையும் சேர்ந்துகொண்டது.

இத்தனை குறைகளோடும் பள்ளியில் அவரே அரசர். பாடங்களில் அவருடைய உதவி வேண்டிய மாணவர் மூவர், காலையில் வீட்டிற்கு வந்து, ஒருவர் முதுகில் ஏற்றி, இருவர் இருபுறமும் தாங்கிப் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர் என்பது அவர் பள்ளித் தோழர் எட்மண்டு எக்டர் தந்த செய்தி. அறிவுக்கு ஈடாகத் தோள் கொடுத்த அந்த உதவியில் கொடுப்பவர் பெறுபவர் என்ற வேறுபாடு எழவில்லை. ஜான்சன் தயக்கமின்றி ஏற்ற உதவி அது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஈராண்டுகள் தந்தையின் கடையிலேயே கழிந்தன. விற்பனைக்கு வந்த நூல்கள் யாவும் அவருக்குப் பாடநூல்களாயின. கில்பர்ட் வாம்சிலி என்னும் சட்ட அலுவலர், தம்மினும் மிக இளையவரான இப்புத்தக வணிகர் மகனைத் தம் உணவு மேசைக்கு அழைத்துச் சமமாக வைத்து உரையாடினார். நெடுங்காலத்திற்குப் பின்னர்க் கவிஞர் வரலாறுகளை எழுதுகையில், வேறொரு கவிஞரின் வரலாற்றுக்கிடையே இப்பெரியவருக்கு நன்றி கூற ஜான்சன் இடம் கண்டார். உதவிகளை மறவாத நெஞ்சம் அவருடையது. அவமதிப்புகளையும் அது மறந்ததில்லை.

பெம்புரோக் கல்லூரி

1728ஆம் ஆண்டில் தாயின் உறவினர் ஒருவர் இறந்து, 40 பவுன் தாய்க்கு உரிமையாயிற்று. செல்வ இளைஞர் ஒருவர் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். ஜான்சன் உடன் வந்து தங்கிப் படித்தால் செலவுக்குத் துணை செய்வதாக அவர் வாக்களித்தார் என்பர். இவ்விரண்டையும் நம்பி அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் பெம்புரோக் கல்லூரியில் ஜான்சன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. தந்தையும் உடன் சென்றார். மகன் பெரும் புலவன் என்றும் இலத்தீன் கவிதைகள் இயற்றுபவன் என்றும் ஆசிரியரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் திறவாது அமர்ந்திருந்த மகன், உரையாடலினிடையே மேக்ரோபியசு என்னும் பழைய இலத்தீன் ஆசிரியரை எடுத்துக்காட்டி அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். பின்னாளில் அக்கல்லூரியின் தலைவரான வில்லியம் ஆடம்சு, அவ்வளவு ஆயத்தத்தோடு ஆக்ஸ்போர்டு வந்த வேறொரு மாணவரைத் தாம் அறியவில்லை என்று கூறினார்.

அவ்வாண்டுக் கிறித்துமசு விடுமுறைப் பயிற்சியாகக் கவிஞர் போப்பின் மெசையா என்னும் பாடலை இலத்தீனில் பெயர்க்குமாறு ஆசிரியர் பணித்தார். ஜான்சனின் மொழியாக்கம் பல்கலைக்கழகம் முழுவதும் பேசப்பட்டது. 1731ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பிலும் அச்சேறியது. அச்சில் வெளிவந்த அவருடைய முதற் கவிதை அதுவே. ஆனால் அது வெளிவந்தபோது அவர் ஆக்ஸ்போர்டில் இல்லை.

அக்கால ஆக்ஸ்போர்டில் மாணவர் அனைவரும் ஒரே தரத்தினர் அல்லர். பெருமக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி உடையும் தனி இருக்கையும் உண்டு. அவர்களுக்குக் கீழே கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவர். எல்லாருக்கும் கீழே செர்விட்டர் எனப்பட்ட பணிமாணவர். இப்பணிமாணவர் உணவு மேசையில் பரிமாறியும் ஏவல் செய்தும் அதற்கு ஈடாகக் கல்வி பெற்றனர். ஜான்சன் கட்டணம் செலுத்தும் மாணவராகவே சேர்க்கப்பட்டார். தந்தையின் மதிப்புக்கு அது இசைந்ததாக இருந்தது. தந்தையின் பணப்பைக்கு இசைந்ததாக இல்லை. வாக்களித்த இளைஞரிடமிருந்து எவ்வுதவியும் வந்து சேரவில்லை. தாயின் 40 பவுன் கரைந்தது.

வாயிலில் வைத்த காலணிகள்

பெம்புரோக் கல்லூரிக்கு எதிரே, தெருவின் மறுபுறத்தில் உள்ளது கிறைஸ்ட் சர்ச் என்னும் பெரிய கல்லூரி. ஜான்சனின் பள்ளித் தோழர் ஜான் டெய்லர் அங்குப் படித்தார். தம் கல்லூரி ஆசிரியரின் புலமையில் நிறைவு காணாத ஜான்சனே, நண்பரை அக்கல்லூரியில் சேருமாறு அறிவுறுத்தியவர். அங்கே பேட்மன் என்னும் ஆசிரியரின் விரிவுரைகள் சிறந்தவை என்று பெயர் பெற்றிருந்தன. டெய்லர் கேட்டு வந்த பாடங்களை அவரிடமிருந்து கேட்டறிவதற்காக ஜான்சன் நாள்தோறும் தெருவைக் கடந்து சென்றார்.

அவருடைய காலணிகள் தேய்ந்து கிழிந்திருந்தன. விரல்கள் வெளியே தெரிந்தன. கிறைஸ்ட் சர்ச் மாணவர்களின் கண்கள் தம் கால்களை நோக்குவதை அவர் ஒருநாள் கண்டுகொண்டார். எவரும் ஏளனம் பேசியதாக வரலாறு கூறவில்லை, நோக்கியதே போதுமானதாயிற்று. அதன்பின் அவர் அங்குச் செல்லவில்லை. அறிவுக்காகக் கடந்த தெருவை நாணத்தால் கடக்க இயலாது போயிற்று.

இதனை அறிந்த கல்லூரித் தோழர் ஒருவர் இரங்கினார். புதிய காலணிகளை வாங்கி, பணிமாணவர் ஒருவரைக் கொண்டு, ஒரு காலை வேளையில் ஜான்சனின் அறை வாயிலில் வைக்கச் செய்தார். கதவைத் திறந்து வெளியே வந்த ஜான்சன் காலணிகளைக் கண்டார். அவமதிக்கப்பட்டவரின் சினத்தோடு அவற்றைத் தூக்கி எறிந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சர் ஜான் ஆக்கின்சும் பாஸ்வெல்லும் தம் நூல்களில் பதிவு செய்துள்ளனர். தன்மதிப்பின் சான்றாக இதைப் போற்றியவரும் உளர். நன்றியறியாச் செருக்கு என்று கடிந்தவரும் உளர். தமிழிலக்கியம் கற்றோர்க்கு அதியமான் அவைக்குச் சென்ற பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வரக்கூடும். தம்மை நேரிற் காணாது அரசன் அனுப்பிய பரிசிலை அப்புலவர் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றின் 208ஆம் பாடலில் உள்ளது. ஆனால் புலவர் பரிசில் பெறும் உரிமையுடையவராகச் சென்றவர். தம் தகுதியை எடுத்துச் சொல்ல அவருக்குச் சொல் இருந்தது. 19 வயது மாணவரிடம் அவ்வுரிமையும் இல்லை, அச்சொல்லும் இல்லை. கொடுத்தவர் முகம் காட்டாமல் கொடுத்ததில் பண்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் முகமில்லாத அக்கொடையில் ஜான்சன் கண்டது கல்லூரி முழுவதன் முகத்தையும் ஆகும். தாம் மறைத்து வைத்ததாக நம்பியிருந்த ஒன்றை எல்லாரும் அறிந்திருந்தனர் என்பதையே அக்காலணிகள் அவருக்கு அறிவித்தன. அவர் எறிந்தது அந்த அறிவிப்பை.

நாணம் அவரைத் தலைகுனிந்து நடக்கச் செய்யவில்லை; நேர்மாறாக, ஆரவாரம் செய்ய வைத்தது. கல்லூரி வாயிலில் மாணவர் சூழ நின்று நகைச்சுவையாகப் பேசி அவர்களைப் படிக்கவிடாது தடுப்பதும், கல்லூரி ஒழுங்குக்கு எதிராகத் தூண்டிவிடுவதும் அவர் வழக்கமாயின. அவர் மகிழ்ச்சியும் விளையாட்டும் மிக்க மாணவர் என்று ஆடம்சு கருதினார். இக்கருத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் பாஸ்வெல் தெரிவித்தபோது ஜான்சன் அதை மறுத்தார். பிறர் விளையாட்டு என்று கண்டது தம் கசப்பையே என்றும், கொடிய வறுமையில் இருந்த தாம் அறிவாலும் நாவன்மையாலும் போராடி வெல்ல நினைத்ததாகவும் விளக்கினார். ஓராண்டுக்கு மேல் உடன் வாழ்ந்தோரும் அம்மாணவரின் உள்ளத்தை அறியவில்லை.

அக்கசப்பு ஒருமுறை தவறான இடத்திலும் பாய்ந்தது. மாணவர் அறையில் உள்ளனரா என்று இரவில் கதவைத் தட்டிப் பார்த்து, விடையளிக்காதவர் பெயரைத் தலைவரிடம் தெரிவிப்பது பணிமாணவரின் கடமைகளுள் ஒன்று. அவ்வாறு தட்டி வந்த பணிமாணவரைப் பானைகளையும் மெழுகுவத்தித் தண்டுகளையும் தட்டி ஒலியெழுப்பி, வேட்டைப் பாட்டுப் பாடித் துரத்தும் கூட்டத்தில் ஜான்சனும் ஒருவராக இருந்தார் என்று ஆக்கின்சு எழுதுகிறார். வறுமையால் நாணியவர், தம்மினும் வறியவரைத் துரத்தும் கூட்டத்தில் சேர்ந்தார். தம் நிலைக்கும் அவர் நிலைக்கும் இடையே இருந்த தொலைவு மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணமாக இருத்தல் கூடும். நாணம் கொண்டவரிடம் இரக்கம் தானே பிறந்துவிடுவதில்லை. ஜான்சனிடம் அது பிறக்கப் பல ஆண்டுகள் ஆயின.

வெளியேற்றமும் இருளும்

1729ஆம் ஆண்டு டிசம்பரில் ஜான்சன் ஆக்ஸ்போர்டை விட்டு வெளியேறினார். தம் நூல்களை டெய்லரிடம் விட்டுச் சென்றார். திரும்பி வரும் நம்பிக்கை அவருக்கு இருந்தது போலும். மாணவராக அவர் மீண்டும் அங்குக் காலடி வைக்கவில்லை.

அவ்வாண்டிலேயே கடும் மனச்சோர்வு அவரைப் பற்றியிருந்தது. அறிவு பிறழ்ந்துவிடுமோ என்று அஞ்சினார். தம் நிலையை இலத்தீனில் விரிவாக எழுதி, தம் ஞானத்தந்தையும் மருத்துவருமான சுவின்பெனிடம் அளித்தார். அக்கட்டுரையின் தெளிவிலும் சொல்வன்மையிலும் உள்ளம் பறிகொடுத்த மருத்துவர், மகன் போன்றவரின் திறமையைப் பிறரும் அறியட்டும் என்று அதனைச் சிலரிடம் காட்டினார். தம் துன்பம் காட்சிப்பொருளானதை அறிந்த ஜான்சன் அவரை முற்றிலுமாக மன்னிக்கவே இல்லை. அன்பினால் செய்யப்பட்டதாயினும், மறைவாகச் சொல்லப்பட்டதை வெளியிட்டமை அவரைப் புண்படுத்தியது.

தந்தையின் வணிகம் இதற்குள் மேலும் சரிந்திருந்தது. சந்தை நாள்களில் அயலூர்களுக்குச் சென்று கடை விரிப்பது மைக்கேல் ஜான்சனின் வழக்கம். ஒருநாள் உடல்நலம் குன்றியிருந்த அவர், தமக்குப் பதிலாக உட்டாக்சிட்டர் சந்தைக்குச் சென்று புத்தகக் கடையைக் கவனிக்குமாறு மகனை வேண்டினார். ஆக்ஸ்போர்டில் படித்தவர் சந்தையில் நின்று விற்பதா என்ற செருக்கு மகனைத் தடுத்தது, மறுத்துவிட்டார். தந்தையின் இறுதி நாள்களில் இது நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் கருதுவர். 1731ஆம் ஆண்டு டிசம்பரில் மைக்கேல் ஜான்சன் காலமானார். தந்தை வழியாக மகன் கைக்கு வந்தது 20 பவுன் மட்டுமே.

பட்டம் இல்லாத புலமை

பட்டம் இன்றி வெளியேறியவருக்கு ஆசிரியத் தொழிலின் உயர்நிலைகள் மூடிக்கிடந்தன. 1732ஆம் ஆண்டில் மார்க்கெட் பாஸ்வொர்த் என்னும் ஊரில் துணையாசிரியராகச் சேர்ந்தார். பள்ளியின் புரவலர் வீட்டில் தங்க நேர்ந்தது. அவருடைய கடுமை தாங்காது சில மாதங்களில் வெளியேறினார்.

பர்மிங்காமில் பழைய தோழர் எக்டர் அவருக்குத் தங்க இடம் தந்தார். அபிசீனியா பற்றிய பயண நூலொன்றைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெயர்த்துத் தர ஜான்சன் ஒப்புக்கொண்டார். ஆனால் சோர்வு மேலிட்டுப் பணி நின்றது. எக்டர் அவருக்கு அறிவுரை கூறவில்லை. இந்நூல் முடியும்வரை அச்சுத் தொழிலாளிக்கு வேறு வேலை கிடையாது என்றும், அவர் குடும்பம் துன்புறுகிறது என்றும் மட்டும் தெரிவித்தார். ஜான்சன் படுக்கையில் கிடந்தவாறே நூலைக் கையிற்கொண்டு சொல்லத் தொடங்கினார்; எக்டர் எழுதினார். 1735ஆம் ஆண்டில் வெளிவந்த அதற்கு 5 கினி ஊதியம் கிடைத்தது. தமக்கு இரங்கி வந்த காலணிகளை ஏற்காதவர், தம்மால் மற்றொருவர் வறுமை தீரும் என்றதும் எழுந்தார். அவரிடம் இரக்கம் பிறந்த இடம் இதுவே எனலாம். அவர் நண்பர்களுள் அவரை நன்கு புரிந்துகொண்டவர் எக்டர்.

அதே ஆண்டில், தம்மினும் ஏறத்தாழ 20 ஆண்டு மூத்தவரான எலிசபெத் போர்ட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்தார். மனைவியின் பொருளைக் கொண்டு எடியல் என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். மாணவர் மிகச் சிலரே சேர்ந்தனர். பின்னாளில் மேடையை ஆண்ட நடிகர் டேவிட் காரிக் அவர்களுள் ஒருவர். பள்ளி மூடப்பட்டது. 1737ஆம் ஆண்டு மார்ச்சில் ஆசிரியரும் மாணவருமாக இருவரும் இலண்டன் புறப்பட்டனர்.

1739ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 60 பவுன் ஊதியமுள்ள தலைமையாசிரியர் பதவி ஒன்று கைக்கெட்டும் தொலைவில் வந்தது. முதுகலைப் பட்டம் இருந்தாக வேண்டும் என்பது அப்பள்ளியின் விதி. ஆக்ஸ்போர்டிடம் கேட்கலாமா என்று நண்பர் வழியாக வினவப்பட்டது. அது மிகப் பெரிய சலுகை என்று கருதப்பட்டது. டப்ளின் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பெற்றுத்தர ஒரு பிரபு மடல் எழுதினார், பயன் விளையவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் தவறிப்போன சிறுதொகை, இவ்வாறு மீண்டும் மீண்டும் வழியை மறித்தது.

திரைக்குப் பின்னே ஒரு தட்டு

இலண்டனில் எட்வர்டு கேவ் நடத்திய ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் எழுதிப் பிழைத்தார். 1738ஆம் ஆண்டில் வெளிவந்த இலண்டன் என்னும் கவிதை 10 கினியும் நற்பெயரும் ஈட்டித் தந்தது. நற்பெயர் வயிற்றை நிரப்பவில்லை. ரிச்சர்டு சாவேஜ் என்ற கவிஞரோடு, இரவுத் தங்கலுக்குக் காசின்றி நகரச் சதுக்கங்களைச் சுற்றிச் சுற்றி நடந்த இரவுகள் உண்டு.

1743ஆம் ஆண்டில் சாவேஜ் கடனுக்காகச் சிறைப்பட்டு அங்கேயே இறந்தார். மறு ஆண்டில் ஜான்சன் அவர் வரலாற்றை எழுதினார். அந்நூலில் ஓர் இடம் கருதத்தக்கது. சாவேஜின் நண்பர்கள் அவருக்கு உடை எடுத்துத்தர முடிவு செய்தனர். அவரைக் கலக்காமலே அளவெடுக்கத் தையற்காரருக்கு ஏற்பாடு செய்தனர். சாவேஜ் கொதித்தெழுந்தார். அச்சினத்தை விவரிக்கையில் ஜான்சன் ஆக்ஸ்போர்டைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய தேவையும் இல்லை.

அந்நூல் வெளிவந்த பின்னர், ஆர்ட் என்னும் அறிஞர் கேவின் வீட்டில் உணவருந்தியபோது அதனை மிகவும் புகழ்ந்தார். சில நாள் கழித்து, அன்று ஒருவரை மிக மகிழ்வித்துவிட்டீர்கள் என்று கேவ் அவரிடம் கூறினார். தம் இருவரைத் தவிர எவரும் இல்லையே என்று அறிஞர் வியந்தார். உணவுத் தட்டு ஒன்று திரைக்குப் பின்னே அனுப்பப்பட்டதைக் கேவ் நினைவூட்டினார். கந்தலான உடையோடு விருந்தினர்முன் வர விரும்பாத ஜான்சன் அங்கிருந்து உண்டுகொண்டே தம் நூலின் புகழைக் கேட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 34. கிறைஸ்ட் சர்ச் மாணவரின் பார்வை அவரை அதுவரை தொடர்ந்து வந்திருந்தது.

எனினும் இதில் ஒரு வேறுபாடும் உண்டு. கேவ், வெளியே வா என்று அவரை வற்புறுத்தவில்லை. உணவின்றி அனுப்பவும் இல்லை. நாணத்துக்கு ஒரு திரையும் பசிக்கு ஒரு தட்டும் தந்தார். அத்தட்டை ஜான்சன் எறியவில்லை.

அகராதியும் பட்டமும்

1746ஆம் ஆண்டில் இலண்டன் புத்தக வணிகர் சிலர் ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்க அவரோடு ஒப்பந்தம் செய்தனர். ஊதியம் 1,575 பவுன். உதவியாளர் செலவும் அதனுள் அடக்கம். பெரும்புள்ளியான செஸ்டர்பீல்டு பிரபுவுக்கு அகராதித் திட்டத்தை உரிமையாக்கியும் 10 பவுனுக்கு மேல் துணை எதுவும் வரவில்லை. வாயிலில் காத்திருந்ததே எஞ்சியது. பணி முடியும் தறுவாயில் பிரபு இதழொன்றில் அகராதியைப் பாராட்டி எழுதினார். 1755ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜான்சன் அவருக்கு எழுதிய மடல் புகழ்பெற்றது. நீரில் தத்தளித்தபோது பார்த்திருந்துவிட்டுக் கரையேறிய பின் நீளும் கை தமக்குத் தேவையில்லை என்பதே அதன் சாரம். ஆக்ஸ்போர்டில் அவர் காலணிகளை எறிந்தது போன்றதே இச்செயல் என்று தோன்றலாம். இம்முறை அவரிடம் சொல் இருந்தது, சினம் உரைநடையாயிற்று.

அதே மாதத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு முதுகலைப் பட்டம் வழங்கியது. தாமஸ் வார்ட்டன் முதலிய நண்பர் முயன்று, அகராதியின் முகப்பில் அச்சாகும் வகையில் உரிய காலத்தில் அதைப் பெற்றுத் தந்தனர். ஏப்ரல் 15ஆம் நாள் 42,000-க்கு மேற்பட்ட சொற்களோடு அகராதி வெளிவந்தது. வெளியேறி 25 ஆண்டு கடந்தபின் ஆக்ஸ்போர்டு அவரைத் தன் புலவராக ஏற்றுக்கொண்டது. டப்ளின் 1765ஆம் ஆண்டிலும் ஆக்ஸ்போர்டு 1775ஆம் ஆண்டிலும் டாக்டர் பட்டங்கள் வழங்கின.

மனித விருப்பங்களின் பயனின்மையைப் பாடும் அவருடைய 1749ஆம் ஆண்டுக் கவிதையில், கல்லூரியில் சேரும் இளம் புலவனை எதிர்நோக்கும் இடர்களைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. உழைப்பு, பொறாமை, வறுமை, சிறை என்னும் வரிசையில் மச்சு அறையும் முதலில் இடம்பெற்றிருந்தது. 1755ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல்லை நீக்கிப் புரவலர் என்ற சொல்லை இட்டார். ஒரு சொல் மாற்றத்தில் ஒரு வாழ்வின் பட்டறிவு அடங்கியது. முதுமையில் அப்பகுதியைத் துரேல் குடும்பத்தார் முன்னிலையில் படிக்கத் தொடங்கியவர், அடக்கமாட்டாது அழுதுவிட்டார் என்று திருமதி துரேல் எழுதிவைத்துள்ளார். அன்று அவர் நாட்டின் தலைசிறந்த எழுத்தாளர். வறுமை எப்போதோ நீங்கியிருந்தது.

கொடுக்கக் கற்றவர்

புகழ் வந்தபின்னும் வறுமை உடனே அகலவில்லை. 1756ஆம் ஆண்டில் 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் 6 கினி அனுப்பி மீட்டார். 1759ஆம் ஆண்டில் தாய் இறந்தபோது, ஈமச் செலவுக்கும் சிறு கடன்களுக்குமாக ஒரே வாரத்தின் மாலைப் பொழுதுகளில் ராசிலசு என்னும் கதையை எழுதினார். 1762ஆம் ஆண்டில் அரசு ஆண்டுக்கு 300 பவுன் உதவிப்பணம் வழங்க முன்வந்தது. ஏற்கலாமா என்று தயங்கி ஓவியர் ரெனால்ட்சைக் கலந்தார். இனிச் செய்ய வேண்டியதற்காக அன்று, இதுவரை செய்ததற்காகவே வழங்கப்படுகிறது என்று அமைச்சர் பியூட் பிரபு உறுதி கூறியபின் ஏற்றுக்கொண்டார்.

அப்பணத்தால் அவர் இல்லம் ஒரு புகலிடமாயிற்று. பார்வையிழந்த கவிஞர் அன்னா வில்லியம்சு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்த ராபர்ட் லெவட்டு, தம் மறைவை வெளியிட்டமையால் தாம் மன்னிக்காத சுவின்பெனின் வறுமையுற்ற மகள் திருமதி டெஸ்மூலின்சு முதலியோர் அங்கே வாழ்ந்தனர். அவர்கள் ஒருவரோடொருவர் ஓயாது பூசலிட்டனர், ஜான்சன் பொறுத்துக்கொண்டார். வார நாள்களில் துரேல் குடும்பத்தாரின் மாளிகையில் தங்கினாலும், சனிக்கிழமைதோறும் வீடு திரும்பித் தம்மை அண்டியோருக்கு நல்ல உணவளித்து, உயர்குடி விருந்தினருக்குக் காட்டும் மரியாதையினும் மிகுந்த மரியாதையோடு அவர்களோடு அமர்ந்து உண்டார். எவ்வளவு இரவானாலும் வில்லியம்சு அம்மையாரோடு தேநீர் அருந்தாமல் உறங்கச் சென்றதில்லை.

கவிஞர் ஆலிவர் கோல்டுஸ்மித்து டப்ளினில் பணிமாணவராகப் படித்தவர். கல்வி கற்க வந்தோரை ஏவலராக நடத்தும் அவ்வழக்கத்தைத் தம் 1759ஆம் ஆண்டு நூலில் கண்டித்தவர். வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரி அவரைச் சிறைப்படுத்த முற்பட்டபோது, ஜான்சன் முதலில் ஒரு கினி அனுப்பிவிட்டு விரைந்து சென்றார். ஒரு கதையின் கையெழுத்துப்படி ஆயத்தமாக இருப்பதை அறிந்து, அதைப் படித்துப் பார்த்து, எடுத்துச் சென்று 60 பவுனுக்கு விற்று வந்து கொடுத்தார். வேக்ஃபீல்டின் பாதிரியார் என்னும் புகழ்பெற்ற நாவல் அது. கோல்டுஸ்மித்தின் கையில் சேர்ந்தது இரவல் அன்று. தம் எழுத்தின் விலை.

ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிசு பார்பர், 1752ஆம் ஆண்டு முதல் ஜான்சன் வீட்டில் பணியாளராக இருந்தார். அவரை இலக்கணப் பள்ளிக்கு அனுப்பிப் பல ஆண்டுகள் தம் செலவில் படிக்க வைத்தார் ஜான்சன். பள்ளியில் இருந்தவருக்கு அன்பான மடல்கள் எழுதினார். வாசிப்பில் விருப்பம் கொள்ளுமாறு வேண்டினார். தம் பூனைக்குக் கிளிஞ்சல் இறைச்சி வாங்கத் தாமே கடைக்குச் செல்வது அவர் வழக்கம். ஒரு விலங்குக்காக ஏவப்படுகிறோம் என்று பார்பரின் மனம் வருந்தலாகாது என்பதே காரணம் எனத் திருமதி துரேல் எழுதுகிறார். பணிமாணவரைத் துரத்திய இளைஞர், முதுமையில் அவ்விடத்தை வந்தடைந்தார். இரவில் வீடு திரும்புகையில் தெருவோரம் உறங்கும் ஏழைச் சிறுவரின் கைகளில் காலையுணவுக்கான காசுகளை வைத்துச் செல்வார் என்றும் நண்பர் கூறினர். உறங்குவோர் கையில் வைத்த காசு எவரையும் நாணச் செய்வதில்லை.

மழையில் நின்றவர்

வாழ்வின் இறுதிப் பகுதியில், ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன் மறுத்த ஒரு கடனைத் தீர்க்க ஜான்சன் உட்டாக்சிட்டர் சென்றார். சந்தையில் தந்தையின் கடை இருந்த இடத்தில், தொப்பியை அகற்றிவிட்டுக் கொட்டும் மழையில் நெடுநேரம் நின்றார். 1784ஆம் ஆண்டில் ஹென்றி ஒயிட் என்னும் இளம் சமயகுருவிடம் அவரே இதைத் தெரிவித்தார். மாணவப் பருவத்தில் பிறர் கண்களுக்கு அஞ்சித் தெருவைக் கடக்காதவர், சந்தைக் கூட்டத்தின் கண்களுக்கு முன்னே வேண்டியே நின்றார். அந்நாணத்தின் மிகக் கொடிய பயன் தந்தையைப் புறக்கணித்ததே என்று அவர் உணர்ந்திருந்தார்.

பெம்புரோக் கல்லூரியின்மீது அவருக்குப் பகை இல்லை. அங்குப் படித்த கவிஞர்களைச் சொல்லிச் சொல்லிப் பெருமை கொண்டார். தம் நூல்களை அதற்கு அளித்தார். 1784ஆம் ஆண்டு ஜூனில், தலைவராகியிருந்த ஆடம்சின் விருந்தினராக அங்குத் தங்கினார். லிச்பீல்டில் இருந்த தம் வீட்டைக் கல்லூரிக்கே எழுதிவைக்கவும் எண்ணினார். நண்பர் அறிவுரைப்படி அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, அதன் பயனை வறிய உறவினர்க்கு உரிமையாக்கினார். எஞ்சிய உடைமையின் பெரும்பகுதியை, ஆண்டுக்கு 70 பவுன் வருவாயோடு, பார்பருக்கு விட்டுச் சென்றார். 1784ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் இயற்கை எய்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அக்காலணிகளை அவர் ஏற்றிருந்தால் படிப்பு முடிந்திருக்குமா என்று வினவுவோர் உண்டு. முடிந்திராது. அவருக்குத் தேவைப்பட்டது கல்விக் கட்டணம். வாக்களித்தவர் வாக்கைக் காத்திருந்தால் அது கிடைத்திருக்கும். வள்ளுவர் இரவையும் இரவச்சத்தையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்தார். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள சிறு வெளியில்தான் ஏழை மாணவர் வாழ்கின்றனர். கேட்க நாணுவர், கேளாமல் தருவதைக் கண்டும் நாணுவர். முதுகில் சுமந்த பள்ளித் தோழரும், சொன்னதை எழுதிய எக்டரும், திரை தொங்கவிட்ட கேவும் அவ்வெளிக்குள் நுழையும் வழியை அறிந்திருந்தனர். தாம் பெற்ற புண்ணிலிருந்து ஜான்சனும் அவ்வழியைக் கற்றார்.